மூன்றாம் பானையில் ஒரு கை

நடுச்சாமம் தாண்டிய நேரம். நிலக்கோட்டையிலிருந்து சித்தையன்கோட்டைப் பக்கம் போகிற மண் ரோடு. ஒரே ஒரு மாட்டுவண்டி... அச்சுக்குக் கீழே லாந்தர் ஆடிக்கொண்டு போகிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். எவனோ எங்கேயோ கேட்ட கதை இல்லை இது. நம்ம நல்லுசாமியின் சித்தப்பா பொம்மையனுக்கு, ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் நடந்தது.

வண்டியில் மூன்று மண்பானை. மூன்றிலும் வைகை மடுவில் பிடித்த கெண்டைக்குஞ்சு. மீன் அற்றுப்போன ஊர்க்குளத்தில் விடக் கொண்டுபோகிறார். வெயில் ஏறினால் செத்துவிடும் என்றுதான் ராத்திரிப் பயணம். அது மட்டும் போதாது. வழி நெடுகப் பானைத் தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே வர வேண்டும். வெற்றிலை மடிக்கிற நேரம் கை நின்றால் போதும், குஞ்செல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கூட வந்த தங்கமுத்துவுக்கு வயிற்றுக்கடுப்பு. நிலக்கோட்டையிலேயே இறங்கிவிட்டான். வண்டி ஓட்டுகிற கிதர் முகம்மதுவுக்குப் பள்ளம் மேடு பார்த்துக் கயிற்றைப் பிடிக்கவே சரியாக இருந்தது. பானை மூன்று. கை இரண்டு. பொம்மையன் ஒன்றைக் கலக்கி, அதை விட்டு அடுத்ததைக் கலக்கி... அல்லாடிப் போனார்.

குளத்தில் மீன் அற்றுப்போனதே அவரால்தான். அதனால்தான் இந்தப் பாடு. கோடையில் குளம் வற்றினால் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். மடையை ஒட்டிய கசத்தில், அந்த ஆழமான பள்ளத்தில் மட்டும், ஒருத்தரும் வலை போட மாட்டார்கள். அதில் கிடப்பது விதைமீன். மழை பெய்து குளம் பெருகினால் அதிலிருந்துதான் எல்லாம் பல்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. பழைய மீனை ஒழித்துவிட்டுப் புது மீன் விடலாமாம். குளத்துக் காவல் பொம்மையன். சொன்னதைச் செய்தார். இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துக் கசத்தில் ஊற்றினார். ஊற்றினால் மீன் மயங்கி மிதக்கும்.

கசத்தில் ஒரு சோடி விரால், சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு நின்றது. கூடையில் மீன் விற்கிற முத்துப்பேச்சி அதைப் பார்த்துவிட்டாள். "குஞ்சும் குளுவானுமா நிக்குதுண்ணே, ஊத்தாதீக" என்று கத்தினாள். அவர் கேட்கவில்லை. அவள் கூடையோடு இறங்கிக் குஞ்சுகளை அள்ளப் பார்த்தாள். சேறு இழுத்துக்கொண்டது. இடுப்பு வரை... கழுத்து வரை... ஒரு கையை மட்டும் தூக்கினாள். பொம்மையன் கரையில் நின்றார். இரண்டு கையிலும் புண்ணாக்குச் சட்டி. அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. பாவி மனுஷன்.

அவள் செத்த குளத்தில் புது மீன் விட ஒருத்தரும் துணியவில்லை. பிறகு மூன்று மழை பெய்தது. குளம் நிறைந்தது, மீன் வரவில்லை. தண்ணீர் பச்சையாகி நாறியது. கொக்குகூட இறங்கவில்லை. இந்தக் குஞ்சும் செத்தால் அந்தப் பழி தன்னை விடாது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ஓடை இறக்கம். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தணிந்தது... யாரோ ஏறி உட்கார்ந்தது மாதிரி. மாடுகள் மூக்கால் சீறின. நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களிலிருந்து கூடவே வந்த மல்லிகை வாசனை போய், புண்ணாக்கு நெடி அடித்தது.

சளப்... சளப்...

பொம்மையனின் கைகள் முதல் இரண்டு பானையில். சத்தம் மூன்றாவதிலிருந்து வந்தது.

முன்னால் இருந்த கிதர் முகம்மது திரும்பாமலே கேட்டார். "என்னண்ணே, மூணு பானையும் ஒண்ணாக் கலங்குது? உமக்கு ரெண்டு கைதான?"

கயிற்றை இறுக்கிப் பிடித்தார். உதட்டுக்குள் ஓத ஆரம்பித்தார்.

பொம்மையன் கண்ணை மெல்லத் திருப்பினார். மூன்றாம் பானைக்குள் ஒரு கை. முழங்கை வரை சேறு. குதித்து ஓடிவிடலாம்தான். ஓடினால் குஞ்சு? கை அது பாட்டுக்குக் கலக்கிக்கொண்டிருக்கிறது.

"நிப்பாட்டிராதண்ணே" என்றது காதோரம் ஒரு குரல். அம்புட்டுத்தான்.

விடிகிற வரை அவரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கலக்கினார்கள். குளக்கரை வந்ததும் வண்டியின் பின்பக்கம் லேசானது. மூன்று பானையிலும் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. குளத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அன்று ராத்திரி பொம்மையன் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினார்.

காலையில் கரை ஓரம் குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன.

மறுநாள் ராத்திரி அவர் கரையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டுக் கலக்கினார். ஒன்றும் சாகவில்லை. பகலில் காற்று கலக்கிக்கொள்ளும். இருட்டினால் கை வேண்டும். பெண்டாட்டி ஜக்கம்மாள் பார்த்தாள், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருநாள் வீட்டுத் தூணில் கட்டிப்போட்டாள். விடிந்ததும் கூடை கூடையாக மீன் மிதந்தது. அவளே அழுதுகொண்டு கட்டை அவிழ்த்தாள். "போங்க... நான் என்னத்தச் செய்வேன்" என்றாள்.

ஒன்பது வருஷம். குளத்தில் மீன் பெருத்தது, கொக்கு வந்தது, ஊர் சோற்றுக்கு வெஞ்சனம் தேடி அலையவில்லை. பொம்மையனின் விரல்கள் மட்டும் வெளுத்து ஊறிப்போய்க் கிடந்தன.

போன அமாவாசைக்கு நல்லுசாமி சித்தப்பாவைப் பார்க்கப் போனான். கரையில் இருந்தார். "செத்த நேரம் நீ கையப் போடுறியா அப்பு? கண்ணு சொக்குது" என்றார். கிழவனைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும். கையை விட்டான்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. உள்ளே இன்னொரு கை... பஸ்ஸில் பக்கத்து ஆள் நகர்ந்து உட்காருவது மாதிரி, அவன் கைக்கு இடம் விட்டு ஒதுங்கியது.

சித்தப்பாவை எழுப்பலாம் என்று திரும்பினான். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கையை எடுக்கப் பார்த்தான். உள்ளே இருந்த கை அவனைப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. எடுத்தான். எதிரே ஒரு மீன் வயிறு தெரிய மேலே வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

மறுபடியும் கையைப் போட்டான்.

அன்றைக்குப் போட்டவன்தான். நல்லுசாமி ஏன் இப்போதெல்லாம் ராத்திரியில் நம்மோடு உட்கார வருவதில்லை என்று கேட்டீர்களே.