முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்த மருத்துவர்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலைக்கு நடுவிலும் ஓடி வந்திருக்கும் என் வார்டுச் சொந்தங்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி, வணக்கம்.

நம் நரம்பியல் பிரிவின் தலைமை மருத்துவர், நாம் முதுகுக்குப் பின்னால் 'கண்ணாடி டாக்டர்' என்று அழைத்த அண்ணன், போய்விட்டார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? எல்லாம் தெரியும்! கோட்டுப் பையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு அலைகிற மனிதரை வேறு எப்படி அழைப்பது? "இந்த வயசுல சாருக்கு அழகு பார்க்க ஆசை வந்திருச்சு" என்று செவிலியர்கள் சிரிப்பார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த மருத்துவன் நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

தையற்கார அம்மா ஒருவர் சாலையில் அடிபட்டு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ இருக்கும். டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு அவருடைய தங்கை, "அக்காவுக்கு நினைவு வந்திருச்சு!" என்று துள்ளினார். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவது அனிச்சைச் செயல். மூளைத்தண்டே அதைப் பார்த்துக்கொள்ளும், நினைவில்லாதவருக்கும் நடக்கும். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நினைவிருந்தால் அசைவதைக் கண் பின்தொடரும் என்று விரலை ஆட்டினேன், சாவிக்கொத்தை ஆட்டினேன். கண் தொடரவே இல்லை. கையை விரித்துவிட்டேன்.

அண்ணன் கண்ணாடியை எடுத்தார். "அம்மா, உங்க முகத்தைப் பாருங்க" என்று மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினார். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. "விடுங்கண்ணே" என்றேன். எரிந்து விழுந்தார்: "களைச்சுப் போன மூளைய்யா அது! நீ கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து நிக்குமா?" அப்புறம் ஒரு காலையில், அந்தக் கண்கள் கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பிடித்துக்கொண்டன. அது நகர, இவையும் நகர்ந்தன. விரலுக்கும் சாவிக்கும் வராத கண், சொந்த முகத்துக்கு வந்தது! பிறகு பேச்சும் வந்தது. அந்த அம்மா முதலில் குறை சொன்னது நம் வார்டுத் திரைச்சீலையின் தையலைத்தான்!

அதே வார்டில், பக்கவாதம் வந்து அண்ணனே படுத்தார். கண்ணாடியை நான் பிடித்தேன். தினமும் பிடித்தேன். அண்ணி தினமும் கேட்டார்: "தம்பி, அவர் உள்ள இருக்காரா?" "நாளைக்கும் பார்ப்போம் அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணி, இன்று பதில் சொல்கிறேன். அவர் கண் ஒரு நாளும் கண்ணாடியைத் தொடரவில்லை. தொடர்ந்தது என்று இந்த மேடையில் நான் சொல்லலாம். எல்லோரும் கண் கலங்குவார்கள். ஆனால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். அவர் உள்ளே இருந்தாரா? எனக்குத் தெரியாது. தெரிந்த வழியிலெல்லாம் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் எங்களிடம் சோதனை கிடையாது. அவர் காதோரம் பேசிக்கொண்டே இருந்தீர்களே, சண்டைகூடப் போட்டீர்களே, அது வீண் என்று சொல்ல இங்கே ஒருவருக்கும் உரிமை இல்லை.

நண்பர்களே! அண்ணனுக்குச் சிலை வேண்டாம். எந்தப் படுக்கையின் அருகில் நின்றும், "இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று நம் வார்டில் இனி ஒருவரும் பேசக் கூடாது. அது போதும். நேற்று ஏழாம் படுக்கைக்கு ஒரு பெயின்டர் வந்திருக்கிறார். டார்ச்சுக்குக் கண்மணி சுருங்கியது. கண்ணாடிக்குக் கண் வரவில்லை. அவருடைய அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை அவரும் அண்ணி கேட்டதைத்தான் கேட்டார்.

அண்ணனுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். அதன் பிறகு என்னைத் தேடாதீர்கள், நான் வார்டுக்குப் போயிருப்பேன்.