திறக்காமல் திருப்பிய கோப்பு

மீள்சுழற்சிக் குப்பைக்கான நீலத் தொட்டிக்குள் நான் ஒருநாளும் தவறான பொருளைப் போட்டதில்லை. தயிர்ப் பெட்டியைக்கூடக் கழுவித்தான் போடுவேன். விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கடைப்பிடிக்கிற ஆள் நான். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது.

நமது கட்டற்ற மென்பொருள் வட்டத்துக்கு நான் ஆறு வருடமாகத் தலைவர். உறுப்பினர் ஏழு பேர். யாப்பு, அதாவது வட்டத்தின் விதிநூல், நாற்பத்தொரு பக்கம். கம்பெனிகள் பூட்டிவைத்து விற்கும் மென்பொருளை உறுப்பினர் எவரும் தொடக் கூடாது என்பது முதலாவது பிரிவு. மார்க்கம் நகரில் என் வேலையிடத்தில் அப்படியான ஒன்றைத்தான் நாள் முழுவதும் பராமரிக்கிறேன். அது பிழைப்பு. கொள்கையோடு அதைக் குழப்பக் கூடாது.

2009 மே மாதம் ஊரில் போர் முடிந்தது. இங்கே கனடாவில் சனம் யூனிவர்சிட்டி அவெனியூ வீதியில் இறங்கிப் போராட்டமாக நின்றது. நானும் போய் நின்றேன். கட்டற்ற மென்பொருள் பற்றிய துண்டறிக்கை எண்பது கொடுத்தேன். பிறகு வோபர்ன் பகுதியில், பலசரக்குக் கடைக்குக் கீழே உள்ள நம் அறையில், உறவுகளைத் தேடும் பட்டியல் ஒன்றை அமைத்தோம். பெயரைத் தட்டினால், ஆள் முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ இருப்பது திரையில் வரும்.

வவுனியாவில் வார்டு வார்டாக நடந்து பெயர்களைத் திரட்டியவர் கிறிஸ்துநாயகம் பாதர். அவரிடம் இருந்த ஒரே கணினியில் பூட்டிய மென்பொருள்தான் இருந்தது. அதில் தட்டி அனுப்பிய கோப்பை நம் பட்டியல் ஏற்கவில்லை. அதை ஏற்கவைக்கும் வழியை ரதி ஒரே நாளில் எழுதிவிட்டார். நம் வட்டத்தில் நிரல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் கூட்டத்தைக் கூட்டினேன்.

“அவையின்ர கோப்பை நாங்கள் திறந்து குடுத்துக்கொண்டிருந்தா, அவை ஏன் இஞ்சால மாறப்போயினம்?” என்று கேட்டேன்.

“அண்ணை, காம்புக்குள்ள கிடக்கிற சனம் மென்பொருள் மாறத்தான் காத்திருக்குதோ?” என்றார் ரதி. “முதல்ல திறப்பம். பிறகு விடிய விடியக் கொள்கை கதையுங்கோ, நான் தேத்தண்ணி ஊத்தித் தாறன்.”

நான்குக்கு மூன்று. கோப்பைத் திறப்பதில்லை என்ற தீர்மானம் நிறைவேறியது. ரதி எழுதியதை நானே அழித்தேன். மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் என்னிடம் மட்டுமே இருந்ததால், கோப்பைத் திருப்பி அனுப்பும் பொறுப்பும் என்னுடையது. கூடவே, கட்டற்ற மென்பொருளை இறக்கி நிறுவுவது எப்படி என்று பதினேழு பக்க வழிகாட்டி, படங்களுடன்.

பாதர் மறுபடி எழுதினார்: “தம்பி, இஞ்ச ஒழுங்காக் கரண்டும் இல்லை, லைனும் இல்லை. ஆக்கள் சாகினம். எப்பிடியாவது திறந்து பாருங்கோ.” உணர்ச்சிவசப்பட்ட கடிதம். கோப்பு வகை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வழிகாட்டியின் நான்காம் பக்கத்தைப் பார்க்கும்படி பணிவாகப் பதில் போட்டேன்.

இதுவரை நீங்கள் அறிந்தது. இனி, நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்.

கோப்பைத் திருப்பி அனுப்ப முதல், மார்க்கம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அங்குள்ள பூட்டிய மென்பொருளில் அதைத் திறந்தேன். வழிகாட்டியைச் சரியாக எழுத அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நொடியில் திறந்தது. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 214ஆம் வரியில் இப்படி இருந்தது: “செல்வரட்ணம், 52. வலது கால் இல்லை. நினைவு உண்டு. மனைவி பாலேஸ்வரி, கனடாவில். நம்பர் மறந்துவிட்டார். கதைக்கக் கேட்கிறார்.” கீழே பாதரின் கைத்தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு எடுத்தால் கட்டிலடிக்குக் கொண்டுபோய்க் காதில் வைப்பாராம்.

பாலேஸ்வரி அக்காவை எனக்குத் தெரியும். வெக்ஸ்போர்டில் பேக்கரி வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி, ஒவ்வொரு மாலையும் நம் அறைக்கு வந்து கணவரின் பெயரைத் தட்டுவார்.

“தம்பி, இண்டைக்கு ஏதும் வந்ததோ?”

“இல்லை அக்கா. நாளைக்கு வாங்கோ.”

சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வட்டத்தின் தலைவரே முதலாவது பிரிவை மீறினார் என்றால் வட்டம் என்னாகும்? ஏழு பேரின் ஆறு வருட உழைப்பு. ஒருவருடைய தொலைபேசி அழைப்பு. தனிமனிதனாக எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் அந்த வரியைப் படித்த பிறகு செல்வரட்ணம் பதினொரு நாள் உயிரோடு இருந்தார். பதினொரு மாலையும் நான் “இல்லை” என்றேன்.

பிறகு பாதர் யாரோ மூலம் சாவுச் செய்தி அனுப்ப, அக்கா கறுப்புச் சட்டையோடு வந்தார். நீங்கள் கேட்க நினைப்பதைத்தான் அவரும் கேட்டார்.

“அந்தக் கோப்பில என்ர மனுசன்ர பேர் இருந்ததாமே. நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லையோ?”

“நாங்கள் அதைத் திறக்கவேயில்லை அக்கா,” என்றேன். “எங்கட கொள்கை அப்பிடி.”

அவர் சண்டை பிடிக்கவில்லை. “தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பியள்தானே தம்பி,” என்று என் கையைப் பிடித்தார். விளக்கிச் சொன்னால் சாதாரண சனமும் கொள்கையைப் புரிந்துகொள்ளும் என்று அன்றுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.