எஞ்சினுக்கு வயதாகிவிடவில்லை

புகை கறுத்திருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

தலைமை ஏற்றிருக்கும் படகுச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மோகனூரிலிருந்தும் அக்கரை வாங்கலிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, ஐயாமார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் சொல்வதற்கு முன்பே புகையைப் பற்றிப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மேடை புதிது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் படிக்கிறேன்.

மறைந்த எஞ்சின் டிரைவர் தங்கமுத்து அவர்களின் துணிச்சலைப் பற்றி எனக்கு முன்னால் எல்லோரும் பேசினார்கள். அவர் உங்களுக்கு டிரைவர். எனக்கு அண்ணன். அவர் தங்கை சௌந்திரம் நான். படகின் பின்பக்கம் உட்கார்ந்து, உள்ளே ஊறும் தண்ணீரைத் தகர டப்பாவால் இறைப்பது என் வேலை. புகைக்குழாயும் பின்பக்கம்தான் இருந்தது. அண்ணன் முன்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு நடையிலும் என்னைக் கேட்பார். என்னைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, பொகை எப்படி இருக்குது?"

"தெளிவா இருக்குதுங்கண்ணா."

ஆடிப் பெருக்குக்கு மறுநாள் கேட்டபோது, "கருப்பா வருதுங்கண்ணா" என்றேன்.

"எத்தனை கருப்பு?"

"நங்கையோட தோசைக்கல்லு கணக்கா."

"மெதுவாப் பேசு. உங்க நங்கை காதுல உழுந்தா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்று சிரித்தார். நங்கை என்றது அவர் மனைவி அங்கம்மாளைத்தான். அண்ணன் சிரித்து நான் கேட்டது அநேகமாக அதுதான் கடைசி. அன்றிலிருந்து படகு தண்ணீரை எதிர்த்து ஏறவில்லை. சத்தம் பெரிதாக இருக்கும், வேகம் இருக்காது.

அண்ணன் கவனிக்காமல் விட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பெரியவர்களே! கவனிக்காதவரா எண்ணெயைக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, அடியில் தண்ணீர் தங்குகிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்தார்? யுத்தம் வந்ததிலிருந்து நல்ல கச்சா எண்ணெய் கிடைப்பதில்லை என்பதால் முதல் சந்தேகம் அவருக்கு அதன்மேல்தான். எண்ணெய் சுத்தமாக இருந்தது. வடிகட்டும் துணியை மாற்றினார். புகைக்குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். கவனிக்காதவரா சேலத்துக்கு ஆள் அனுப்பி ஃபிட்டர் சண்முகவேல் அவர்களை வரவழைத்தார்? அவரும் பிஸ்டன் வளையங்களை மாற்றிக் கொடுத்தார். கரையில் ஓட்டிப் பார்த்தபோது புகை தெளிவாக வந்தது. எல்லோரும் கை தட்டினோம். எஞ்சினுக்குச் சூடம் காட்டினோம். ஆற்றில் இறங்கியதும் மறுபடி கறுப்பு!

அண்ணன் ஆற்றில் முங்கி, அடியில் தண்ணீரைத் தள்ளும் இரும்பு விசிறியைத் தடவிப் பார்த்தார். இறக்கைகளில் சுற்றியிருந்த நாரையும் பூவையும் அறுத்து எறிந்தார். கையால் சுற்றினால் சுற்றியது, கொஞ்சம் இறுக்கமாக. "பழைய எஞ்சின் பாரு, அப்படித்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவரும், எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று நம்ப ஆரம்பித்தார். ஏற்றும் பாரத்தைப் பாதியாகக் குறைத்தார். வெற்றிலைக் கூடையை இறக்கி வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏனுங்க டிரைவரே, உங்க எஞ்சினு என்ன முழுகாம இருக்குதா? பாரம் தூக்கமாட்டீங்குது?" என்று பெருமாயி அத்தை கேட்டார்.

"ஆமாங்க அத்தை, மசக்கை. அடுத்த நடைக்கு நீங்களே மாங்காய் கொண்டாந்து கொடுங்க."

படகே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கரூர்ச் சந்தை நாளன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். படகில் இருந்தவர்கள் பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. நடு ஆற்றில் எஞ்சின் முக்கியது, நின்றது. பழையபடி ஓட வேண்டுமென்றால் ஊதுவிளக்கு வைத்து அதன் தலையைச் சூடேற்ற வேண்டும். அதுவரை ஆறு காத்திருக்குமா? படகு பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அண்ணன் படகுக் கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். நடுவே இருந்த திட்டில் ஏறினார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மருத மரத்தில் கட்டினார். படகு நின்றது. நாம் எல்லோரும் கயிற்றைப் பிடித்து இழுத்துத் திட்டில் சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் கயிறு மரத்தில் இருந்தது. அண்ணன் இல்லை.

திட்டின் கரை வழுக்கி ஆற்றில் விழுந்திருக்க வேண்டும். அந்தக் கயிற்றின் இன்னொரு சுற்று அவர் இடுப்பில் இருந்திருக்கக் கூடாதா!

இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் சங்கத்தார் உட்கார்ந்து, படகை உடைத்து எஞ்சினைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விற்பதா என்று முடிவு செய்யப் போகிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

காரியம் முடிந்த பிறகு எனக்கு ஒரு நினைவு திரும்பத் திரும்ப வந்தது. கரையில் ஓட்டியபோது புகை தெளிவாக வந்ததே, ஏன்? விசிறியோடு சேர்க்கும் லிவரைப் போடாமல் எஞ்சினை மட்டும்தான் ஓட்டினோம். லிவரைப் போட்டால்தான் கறுத்தது. அப்படியென்றால் எஞ்சினிடம் பலம் இருந்திருக்கிறது. அதைப் பின்னாலிருந்து ஏதோ பிடித்து இழுத்திருக்கிறது. ஃபிட்டர் ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தலைவர் ஐயாவிடம் கேட்டுப் படகை மணலில் ஏற்றினோம். ஃபிட்டர் ஐயா விசிறியைக் கழற்றினார்.

விசிறிக்குப் பின்னால், தண்டு படகிலிருந்து வெளியே வரும் இடத்தில், வாழைநார் இறுகிக் கிடந்தது. நாரும் பூக்கட்டும் நூலும் ஜரிகையும் சேர்ந்து தேங்காய்க் கயிறு மாதிரி முறுக்கி, சூட்டில் வெந்து பழுப்பேறியிருந்தது. உளியால் பெயர்க்க வேண்டியிருந்தது. அவை கல்யாண மாலைகள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாலையை எடுத்து வைத்திருந்து ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடுவது நம் வழக்கம். கரையில் கூட்டம், நடு ஆற்றில் விட்டால் நல்லது என்று இந்த வருஷம் படகில் வந்தார்கள். பின்பக்கம் நின்று மாலைகளை ஆற்றில் விட்டார்கள். நிறுத்தினால் திரும்பச் சூடேற்ற நேரமாகும், வெள்ளத்தில் படகு நிற்காது என்று அண்ணன் விசிறியை மெதுவாக ஓடவிட்டபடியே இருந்தார். விசிறி மாலைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு ஓட ஓட இறுகியிருக்கிறது.

அண்ணன் இறக்கைகளைத் தடவிப் பார்த்தார். அதற்குப் பின்னால் பார்க்கவில்லை. விரல் நுழையாத இடம் அது. அவர் எல்லா இடத்திலும் தேடினார், அந்த ஓர் இடத்தைத் தவிர. ஆனால் கவனிக்காமல் விட்டார் என்று மட்டும் இனி யாரும் சொல்லாதீர்கள்!

இந்தச் சபையில் புதுப் பெண்கள் இருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள், அக்காமார்களே. யார் வீட்டு மாலை என்று நாங்கள் பார்க்கவில்லை. உங்கள் ஒவ்வொருவரையும் அண்ணன் வாழ்த்தித்தான் அனுப்பினார். என் காதால் கேட்டேன்.

தலைவர் ஐயா, எஞ்சினை விற்காதீர்கள். அதற்கு வயதாகிவிடவில்லை. ஃபிட்டர் ஐயா வேறு டிரைவர் கிடைக்கும்வரை ஓட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பின்பக்கம் இருப்பேன். தண்ணீர் இறைப்பேன், புகை பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் விசிறியைக் கழற்றிப் பின்னால் பார்ப்போம். அடுத்த ஆடிக்கு மாலைகளைப் படித்துறையிலேயே விடுங்கள், ஆறு எடுத்துக்கொள்ளும். என் அண்ணன் பேரில் நான் கேட்பது இவ்வளவுதான்.

இன்று காலை படகைத் தண்ணீரில் இறக்கினோம். பார்க்க வந்தவர்கள் கரையிலேயே நின்றார்கள். ஏறச் சொல்லி யாரையும் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அப்போது நங்கை வந்தார். துக்கம் கழியாதவள் ஆற்றுப் பக்கம் வரலாமா என்று ஒரு பாட்டி தடுத்தார்.

"என்ற ஊட்டுக்காரரு ஓட்டுன படகுங்க. நான் ஏறாம வேற ஆரு ஏறுவாங்க?" என்றார்.

அண்ணன் உட்காரும் இடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஃபிட்டர் ஐயா லிவரைப் போட்டுவிட்டு, "பொகை எப்படிம்மா?" என்று கேட்டார். புகை தெளிவாக வந்தது. கையை உயர்த்திக் காட்டினேன்.

பிறகு கயிற்றை அவிழ்த்தேன்.