திரான்சிக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் அறை

"படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். படுக்கிறேன். தூரத்தில் ஆமிக்காரன் ஷெல் குத்துகிறான். டும். பிறகு கூவிக்கொண்டு வருகிறது. கிட்ட வந்ததும் கூவல் நிற்கும். நின்றால் நமக்குத்தான். நின்றது. பங்கர் வாசலில் மணல் சரிந்தது. மகள் அபி என் கையைப் பிடித்திருந்தாள். புகை அடங்கிய பிறகும் பிடித்திருந்தாள். பிடி மட்டும்தான் இருந்தது. உயிர் இல்லை.

2009 மே. முள்ளிவாய்க்கால். பொதுமக்களுக்குச் சேதம் இல்லை என்று வானொலியில் ஒருவன் வாசித்தான். நல்ல தெளிவான குரல். வாசித்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டிருப்பான்.

பிறகு வவுனியாவில் முகாம். சுற்றிவர முள்ளுக்கம்பி. அதற்கு நலன்புரி நிலையம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவனுக்கு வெட்கம் என்பது பிறப்பிலேயே இல்லை. வெளியே விட்டதும் கிளிநொச்சியில் என் வீட்டுக்குப் போனேன். உள்ளே ஆமிக்காரர்கள். வாசல் படலையில் நின்று, பிள்ளையின் சட்டை ஒன்றாவது எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன். போ என்றான் ஒருவன். கையில் தேத்தண்ணிக் கோப்பை. என் வீட்டுக் கோப்பை.

இப்போது பாரிஸ். லா சப்பல். ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமைக்கிறேன். இதை எழுதுவது என் வீட்டுக்காக அல்ல. கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கும் அறைக்காக.

போன சித்திரை மாதம். காலை. முன்வாசல் கண்ணாடியைத் துடைக்கிறேன். எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி நிற்கிறார். கையில் ஊன்றுபொல்லு. மேல்மாடி ஜன்னலையே பார்க்கிறார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து உள்ளே வந்தார். பெயர் ரஷெல். வயது எண்பத்தொன்பது. மேல் அறையில்தான் பிறந்தாராம். கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. கோடை வரும்போது ஒன்றும் தெரியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

முதலாளி குகன் அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. மேல் அறைப் பூட்டின் திறப்பு, சாவி, தொலைந்துவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னார். திறப்பு அவருடைய இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மேசை லாச்சியை இழுத்து வாடகைப் பத்திரத்தை எடுத்தார். அந்தக் கிழவியின் மூக்குக்கு முன்னால் விரித்துக் காட்டினார். என்னிடம் தமிழில் சொன்னார்.

"வீடு கேட்டு வந்திட்டா. விளங்குதே?"

அந்தப் பயம் எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். எங்கள் ஊரில் ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நின்று கண் கலங்கினால் அவர்தான் சொந்தக்காரர். குகன் அண்ணைக்கு இது நன்றாகத் தெரியும். தெல்லிப்பழையில் அவருடைய வீட்டைப் படை பிடித்து வைத்திருக்கிறது. அந்த வீட்டுக்காகக் கொடி பிடித்துக்கொண்டு மழையிலும் ரிப்பப்ளிக் சதுக்கத்தில் நிற்பார். தொண்டை கட்டும்வரை கத்துவார். நீதி என்ற சொல் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

மதாம் ரஷெலை உட்காரவைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் தன் பாட்டில் சொன்னார்.

தகப்பன் தையல்காரர். போலந்திலிருந்து வந்த யூதர். 1941 ஓகஸ்டில் அவரைப் பிடித்துப் பாரிஸை ஒட்டிய திரான்சி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942 ஜூலை 16, விடியற்காலை, தாயையும் மூன்று பிள்ளைகளையும் பிடிக்க வந்தார்கள். கதவில் மூன்று தட்டு. வந்தவன் ஜெர்மன்காரன் இல்லை. பிரெஞ்சுப் பொலிஸ். போர்வை எடுக்கச் சொன்னார்கள். காஸை மூடச் சொன்னார்கள். வீட்டுத் திறப்பைக் கீழே கட்டடக் காவல்காரியிடம் கொடுக்கச் சொன்னார்கள். மனிதரைச் சாக அனுப்புகிறவர்களுக்குக் காஸ் வீணாகக்கூடாது. என்ன ஒரு பொறுப்பு.

முதலில் அடைத்தது சைக்கிள் பந்தய அரங்கில். தண்ணீர் இல்லை. பிறகு பாரிஸிலிருந்து தள்ளி வேறொரு முகாம். அங்கே தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிய்த்தார்கள். தாய் ரயிலில் போனார். பிள்ளைகளைத் திரான்சிக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா எஸ்தெர், பதினொரு வயது. ரஷெல், ஆறு. தம்பி சிமோன், மூன்று.

திரான்சி அப்போது கட்டி முடியாத அடுக்குமாடி. வெறும் சீமெந்து. தரையில் வைக்கோல். காவலுக்குப் பிரெஞ்சு ஜாந்தார்ம்கள், படைப் பொலிஸ். சின்னப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் பெயரே தெரியாது. எஸ்தெர் தம்பியை மடியில் வைத்து அவன் முழுப்பெயரைச் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தாள். ரஷெலுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு தாதி அவரை வெளியே கடத்தினார். எஸ்தெரும் சிமோனும் பேருந்தில் ரயிலடிக்குப் போனார்கள். அங்கிருந்து ஆவுஷ்விட்ஸ் கொலைமுகாம்.

அந்தக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கொடியில் உடுப்புக் காய்கிறது. குடியிருப்பவர்களில் எனக்குக் குறை இல்லை. காவல் நின்றவர்களில் எத்தனையோ பேர் பென்ஷன் எடுத்துக்கொண்டு கட்டிலில் செத்தார்கள். என் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

எழுந்து போனேன்.

"அண்ணை, திறப்பைத் தாங்கோ."

"உனக்கென்ன விசரே? உள்ளை விட்டால் வழக்குப் போடுவா."

"அவ அறையைக் கேக்கேல்லை. பாக்கத்தான் கேக்கிறா."

"இண்டைக்குப் பாக்கிறன் எண்டுவினம். நாளைக்கு எழும்பு எண்டுவினம்."

"தெல்லிப்பழையிலை உங்கடை படலையிலை நிண்ட ஆமிக்காரனும் இப்பிடித்தானே அண்ணை யோசிச்சிருப்பான்?"

"வாயை மூடு! வேலை வேணுமெண்டால் குசினிக்குப் போ!"

ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தேன். வேறு வேலை எனக்கு இல்லை. நான் இருக்கும் அறைக்கு வாடகை கட்ட வேறு வழியும் இல்லை. ஆனாலும் வைத்தேன்.

அவர் மனம் இளகித் திறப்பைத் தந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினொரு மணியாகிவிட்டது. அடுப்பில் ஒரு கறியும் ஏறவில்லை. மத்தியானத்துக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்காகத் தந்தார்.

படி ஏறினோம். மதாம் ரஷெல் ஒவ்வொரு படியிலும் நின்றார். அறை முழுக்க அரிசி மூட்டை, வெங்காயம், எண்ணெய்த் தகரம். ஜன்னலுக்குப் போகவில்லை அவர். இடதுபக்கச் சுவரைக் காட்டி, மூட்டைகளை நகர்த்த முடியுமா என்று கேட்டார். இழுத்தேன். பின்னால் ஒரு பழைய கணப்படுப்பு. அடைத்த பலகை உடைந்து திறந்து கிடந்தது.

குனிந்து அதற்குள் கையை விட்டார். தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். பொலிஸ் கதவைத் தட்டியபோது அம்மா சிமோனை இதற்குள் வைத்தார். மேலே துணியைப் போட்டார். இருட்டு. சிமோன் அழுதான். பொலிஸ்காரன் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, பிள்ளையையும் கூட்டிவாருங்கள் மதாம் என்றான். மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதையில் நெருப்பை வைக்க.

அவர் அங்கேயே மூட்டையில் உட்கார்ந்தார். போன நாலு பேரின் பெயரையும் சத்தமாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

குகன் அண்ணை வாசலில் நின்று பார்த்தார். கையில் அதே வாடகைப் பத்திரம். மறுநாள் அந்த அறையின் பூட்டை மாற்றினார்.

மதாம் ரஷெலுக்கு இப்போது பார்வை இல்லை. போனில் பேசுவார். போனவர்களின் கணக்கை எழுதி வைக்கச் சொன்னார். என்னுடையதையும் சேர்க்கச் சொன்னார்.

அவருடைய தகப்பன், முப்பத்தெட்டு வயது. தாய், முப்பத்துநாலு. எஸ்தெர், பதினொன்று. சிமோன், மூன்று. ஒருவருக்கும் குழி இல்லை. என் புருஷன், நாற்பத்தொன்று. வட்டுவாகலில் கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிடம் சரணடையப் போனார். எங்கே என்று இன்றுவரை எவனும் சொல்லவில்லை. என் மகள் அபிராமி, ஏழு. கையால் மணலைத் தோண்டி நானே புதைத்தேன். அந்த இடத்தில் இப்போது படைமுகாம். பார்க்க விடமாட்டார்கள்.