வலது பக்க ஹோஸ்

டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்லை, குடிக்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன் சார், எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி அன்புச்செல்வி போன வருடம், 2002 ஆவணியில் இறந்தாள். ஜமுனாமரத்தூர் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த முதல் நாள். அவளுடைய அண்ணன் வளவன்தான் தன் பழைய மோரிஸ் மைனர் காரில் அழைத்துப் போனான். சாயங்காலம் மலையிறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. இடது பக்கம் பாறையில் மோதியது. அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வளவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, அவ்வளவுதான்.

வளவன் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவன். அந்தக் கார் அவனுடைய செல்லம். பிரேக் பைப்புகளைப் புதிதாக மாற்றினான். நான் பி.எஸ்ஸி. இயற்பியல், கூடமாட உதவினேன். சக்கரம் திரும்ப வேண்டும் என்பதால் பைப்பின் முனையில் வளைகிற ரப்பர் குழாய் இருக்கும், அதுதான் ஹோஸ். அந்தக் காரில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை தேரடியில் காருக்குப் பூஜை போட்டோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, உடனே காரை நிறுத்தினான் வளவன். நின்றது. எங்கள் ஊரில் பிரேக்கை அதற்கு மேல் யாரும் சோதிப்பதில்லை.

"அண்ணா, பிரேக் எல்லாம் மாத்தியாச்சா?" என்றாள்.

"எல்லாம் புதுசு பாப்பா. நம்பலைன்னா உன் சயன்ஸ் புருஷனையே கேளு."

சிரித்துக்கொண்டே ஏறினாள். ஹோஸ்கள் பழையவை. பழசென்று தெரியாமலிருக்க ஷூ பாலிஷ் தடவியிருந்தான். சொந்தத் தங்கையிடம் பொய் சொன்னான். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

காரியம் முடிந்ததும் காரை வேங்கிக்காலில் என் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். ஒரு வருடம் வேலை செய்தேன். மாப்பிள்ளைக்கு மனசு தேறிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். வெடித்தது இடது பக்க ஹோஸ். வலது பக்கத்து ஹோஸுக்கும் அதே வயது, அதே வெடிப்புகள். மற்ற எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டு அதை மட்டும் பழைய இடத்திலேயே மாட்டினேன். பாலிஷும் போட்டேன். அவன் மாட்டியதைத்தான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

முதல் வருடத் திதிக்கு அந்த வளைவில் சூடம் ஏற்ற வளவன் அதே காரில் கிளம்பினான். அவன் மனைவி சரசு அக்காவும் வந்தார்.

"தம்பி, நீங்களும் வாங்களேன். நீங்க ஏத்தினாதான் அவ மனசு ஆறும்."

"ஜுரமா இருக்குக்கா. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஏறியவரை இறக்கிவிடவும் தோன்றவில்லை. அந்தப் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், அவருக்குத் தெரியாது. நான்தான் சாத்தினேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்களையும் நானே வைத்தேன். மலையிறங்கும்போது வலது பக்க ஹோஸ் வெடித்தது, மீதி உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பைப் மாற்றினால் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் காருக்கு அடியில் படுத்துத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். போன வருடம் அந்தக் காலையில் மிதித்தது நான். அடியிலிருந்து வளவன் சொன்னான்.

"மாப்ள, மெட்ராஸ்லேர்ந்து ஹோஸ் வரல. பழசையே மாட்டி வெச்சிருக்கேன். பாப்பாவ பஸ்ல அனுப்பிடலாமா?"

"திங்கக்கிழமை மச்சான், ஏழரைக்கு ராகு காலம். பஸ்ஸுக்கு நின்னா நேரம் போயிடும். ஒரு நாள்தானே, தாங்கும். அவகிட்ட சொல்லாத, பயப்படுவா."

பாலிஷ் டப்பாவை உள்ளேயிருந்து எடுத்து வந்ததும் நான்தான். இதை அவன் ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, சரசு அக்காவிடம்கூட.

அவன் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். நான் சொன்னதை அவன் கேட்டிருக்கவே கூடாது.