ஒற்றை விசில்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. தேயிலைக் காட்டுக்குள் முப்பது வருஷமாகக் குடியிருந்தும் நான் நல்ல டீ குடித்த நாட்கள் குறைவு. நல்ல இலையெல்லாம் மூட்டை கட்டி வெளியூர் போய்விடும். இங்கேயே கிடக்கிறவர்களுக்கு டஸ்ட்தான். எஸ்டேட்டில் யாரும் இதற்காக வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. நான் வருத்தப்படுவேன். என் சுபாவம் அப்படி.

கை நடுங்குவதைப் பார்க்கிறீர்கள். குளிரால் இல்லை, பயம். சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. பி.டி. வாத்தியார் ஒருத்தன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் வாயில் விசிலை வைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியாது. ஊதுகிறவனுக்கு உள்ளுக்குள் உதறுகிறதா என்று கேட்கிறவன் கண்டுபிடிக்க முடியாது.

கருணாகரன் விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். ஆடி மாதம் எங்கள் கிரவுண்டில் அம்பு பட்டுச் செத்தாரே, ஒலிம்பிக் கேம்ப்பின் கோச். நீங்களே வந்து பார்த்துவிட்டு விபத்து என்று எழுதி முடித்த கேஸ். அது விபத்து இல்லை. ஆனால் சாந்தாமணியைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். உங்களுக்கு அவசரம் இல்லையே?

கிளென்மார்கன் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற மருதாம்பாளின் ஒரே மகள் அவள். ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு நாலு மூங்கில் வில் வந்தது. மற்ற பிள்ளைகள் அம்பை விட்டதும் எங்கே போய்க் குத்தியது என்று எட்டிப் பார்ப்பார்கள். இவள் பார்க்கமாட்டாள். கை கன்னத்தோடு ஒட்டியபடி அப்படியே நிற்பாள். எனக்கு அன்றைக்கே இவள் இந்த மலையில் தங்கமாட்டாள் என்று தோன்றிவிட்டது.

சொல்லிக்கொடுக்காமல் இருந்துவிடவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஒவ்வொரு படியாக நான்தான் ஏற்றிவிட்டேன். கல்யாணம் கட்டவில்லை. சம்பளத்தில் பாதி அம்பாகவும் நாணாகவும் போனது. அவள் ஒலிம்பிக்ஸுக்குத் தேர்வானபோது ஃபேக்டரி கேட்டில் பேனர் கட்டினார்கள். ஒரு ஓரத்தில் சின்னதாக என் படமும் இருந்தது.

என்னைக் கூட்டிப்போகவில்லை. அதற்கு விதி கிடையாது என்றார்கள். அவள் போயிருந்த நாட்களில் நான் தினமும் கிரவுண்டுக்குப் போய், அவள் நின்று எய்கிற கோடு காலியாகக் கிடப்பதைப் பார்த்து விசில் ஊதிவிட்டு வருவேன். மற்றபடி போன் செய்வேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பயமாக இருக்கிறது கண்ணு என்று சொல்வேன். மனதில் இருப்பதை மறைத்துப் பேச எனக்கு வராது.

முதல் சுற்றிலேயே தோற்றாள். எஸ்டேட் கிளப் டிவியில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் பார்த்தேன். அதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். வில்லில் கிளிக்கர் என்று ஒரு சின்னத் தகடு உண்டு. அம்பை முழுசாக இழுத்து முடித்ததும் அது டிக் என்று தட்டும். தட்டிய பிறகுதான் விரலை விட வேண்டும். அன்றைக்கு அவள் கண் டார்கெட்டின் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்தில் பட்டதுமே, தகடு தட்டுவதற்கு முன்பே, விரல் தானாக விட்டுவிட்டது. அம்பு புல்லில் போய் விழுந்தது.

வில் பிடிக்கிறவர்களுக்கு வருகிற நோய்தான் அது. நாங்கள் இரண்டு பேரும் அதற்கு மஞ்சள் பயம் என்று பேர் வைத்துக்கொண்டோம். நான் போனில் பேசிப் பேசி என் பயத்தை அவளுக்கு ஒட்டவைத்துவிட்டேன் என்று மருதாம்பாள் எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். விவரம் தெரியாத பொம்பளை, எதையாவது சொல்வாள்.

சாந்தாமணியைக் குணப்படுத்தியதும் நான்தான். அதற்கு மருந்து எங்கள் ஊரிலேயே இருந்தது. மத்தியானம் தாண்டினால் அணைப்பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவரும். எழுபது மீட்டர் தள்ளி இருக்கிற டார்கெட் மறைந்துவிடும். வேறு எந்த ஊரிலும் அந்த நேரத்தில் வில்லை அவிழ்த்து வைத்துவிடுவார்கள். நான் அவளை எய்யச் சொன்னேன். மஞ்சளே தெரியாதபோது எதைப் பார்த்துப் பயப்படுவது? நிற்கிற நிலையும் இழுக்கிற கையும் அவளுக்கு மனப்பாடம். தகடு டிக் என்றது, விட்டாள். போய்ப் பார்த்தால் ஆறு அம்பும் மஞ்சளில் இருந்தன. இரண்டு பேரும் அழுதோம்.

டார்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்சுவர் உண்டு. பனிமூட்டத்தில் நான் அதன் பின்னால் போய் நின்றுகொள்வேன். டார்கெட் முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு விசில் ஊதுவேன். போட்டியில் இரண்டு விசில் ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும், அப்புறம் ஒரு விசில் ஊதினால் எய்ய வேண்டும், மூன்று ஊதினால் அம்பு பிடுங்கப் போகலாம். எங்கள் பனிமூட்டப் பயிற்சிக்கு அந்த இரண்டு விசில் தேவைப்படவில்லை, அவள்தான் கோட்டிலேயே நிற்கிறாளே. ஒற்றை விசில் கேட்டதும் எய்துவிடுவாள். அவளுக்குக் கண் நான்தான். இப்படி ஒரு பழக்கம் இருப்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நோய் போனது. இரண்டாவது ஒலிம்பிக்ஸுக்கான தேர்வில் இந்தியாவிலேயே முதலாவதாக வந்தாள். அப்போதுதான் கருணாகரன் வந்தார்.

நல்ல மனுஷன். அவரைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை. ஊட்டியிலிருந்து வரும்போது எனக்காக ஒரு பாக்கெட் வர்க்கி வாங்கிவந்தார். அது இன்னும் என் வீட்டில் பிரிக்காமலே இருக்கிறது. காலை முழுக்க அவள் எய்வதைப் பார்த்தார். மத்தியானம் பனிமூட்டம் ஏற ஆரம்பித்தது. நான் மூன்று விசில் ஊதினேன். அவளை, இடுப்புக் கூட்டில் மிச்சமிருந்த அம்புகளோடு, கோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, நானும் அவரும் அம்பு பிடுங்கப் போனோம். போய்ச் சேருவதற்குள் கோடு மறைந்துவிட்டது. அவளும் மறைந்துவிட்டாள்.

அவர் அம்புகள் குத்தியிருந்த நெருக்கத்தைக் குனிந்து பார்த்தார். "இத்தன வருஷம் நீங்க பட்ட கஷ்டம் வீண் போகல மாஸ்டர்," என்றார். "இனிமே நாங்க பாத்துக்கறோம். சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். கேம்ப்ல வெளி ஆளுங்கள விடமாட்டாங்க. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் இல்லாத கிரவுண்டு கண் முன்னால் வந்தது. ஆளில்லாத கோட்டுக்கு விசில் ஊதிக்கொண்டு நிற்கிற என்னையும் பார்த்தேன். நான் இல்லாத இடத்தில் அவளுக்கு மறுபடி அந்த நோய் வந்தால் யார் பார்ப்பார்கள் என்றும் நினைத்தேன். இதை நான் முதலில் நினைத்தேனா, பிறகு நினைத்தேனா என்று கேட்காதீர்கள்.

நான் மண்சுவருக்குப் பின்னால் போனேன். அவர் அம்புகளைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்து, டார்கெட்டுக்கு முதுகைக் கொடுத்து, என்னைத் தேடித் திரும்பினார். நான் விசிலை வாயில் வைத்தேன். ஒரு தரம் ஊதினேன்.

அவர் பயப்படவில்லை. பனிமூட்டத்தில் எய்கிற ஆள் உலகத்தில் உண்டென்று அவருக்குத் தெரியாது. அவளைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார். "என்ன மாஸ்டர்," என்று சிரித்தார். பின்னால் இருந்த மஞ்சள் அவர் நெஞ்சு உயரத்துக்குச் சரியாக இருந்தது.

அப்புறம் நான் மூன்று விசில் ஊதினேன். அவள் நடந்து வந்தாள். பார்த்தாள். எங்கள் பேச்சு அதிக நேரம் நடக்கவில்லை.

"விசில் கேட்டுச்சுங்களே மாஸ்டர்."

"மொதல்ல நான் ஊதவே இல்லியே கண்ணு."

"கேட்டுச்சுங்க. ஒரு விசில் கேட்டுச்சுங்க."

"பயத்துல காதுல அப்படித்தான் கேக்கும். அன்னிக்கு ஒலிம்பிக்ஸ்லயும் கை மீறித்தான போச்சு? அந்த நோய்தான் மறுபடி வந்திருக்குது."

அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒருத்தருடைய விரல்களைப் பார்ப்பது மாதிரி இருந்தது. நீங்கள் வந்து கேட்டபோது, "என் கை தானா விட்டுருச்சுங்க," என்றாள். அவளுடைய நோய் பேப்பரில் எல்லாம் வந்திருந்தது. நீங்கள் சந்தேகப்பட இடமே இல்லை. உங்கள் மேல் தப்புச் சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வில்லைத் தொடவில்லை. பனிமூட்டம் ஏறினால் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். ஃபேக்டரி சங்கு ஊதினால்கூட உடம்பு தூக்கிப்போடும். சோறு என் கையால் கொடுத்தால்தான் சாப்பிட்டாள். அதை மருதாம்பாளே உங்களிடம் சொல்வாள். தினமும் சாயங்காலம் எஸ்டேட் ஆட்களின் லைனில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல கண்ணு, நான் இருக்கறேன்," என்று சொல்லிவிட்டு வருவேன். அந்த மூன்று மாதம்தான் நான் பயமில்லாமல் தூங்கினேன்.

போன வாரம் கேம்ப்பிலிருந்து மறுபடி போன் வந்தது. கேஸ் முடிந்துவிட்டதால் அவள் திரும்பி வரலாமாம். முந்தாநாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் வில்லோடு வந்து நின்றாள்.

"கிரவுண்டுக்குப் போலாமுங்களா மாஸ்டர்?"

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனோம். ஆறு அம்பு எய்தாள். கை துளியும் ஆடவில்லை. ஆறாவது அம்புக்குள் பனிமூட்டம் டார்கெட்டை விழுங்கிவிட்டது. என் கழுத்திலிருந்த விசிலைக் காட்டி, "அதக் குடுங்க. நீங்க போய் அம்பு புடுங்கிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறனுங்க," என்றாள். கழற்றிக் கொடுத்தேன். அவள் கேட்டு நான் எதைக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்?

இடுப்புக் கூட்டில் இன்னும் அம்பு மிச்சமிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. டார்கெட்டுக்குப் போய் ஓர் அம்பில் கை வைத்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் விசில் கேட்டது. ஒரே ஒரு விசில்.

ஐயா, மண்சுவர் மூன்று எட்டில் இருக்கிறது. என்னால் கால் எடுக்க முடியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. முதுகு முழுக்க வேர்த்து, வேர்வை குளிர்ந்தது. எழுபது மீட்டர் தள்ளி நிற்கிற வில்லின் தகடு தட்டுவது மனுஷக் காதுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது. வேட்டி நனைந்துவிட்டது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு வெட்கமில்லை.

அம்பு வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் காலடிச் சத்தம்தான் வந்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து அவள் வெறுங்கையோடு வந்தாள். வில்லைக் கோட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கு எனக்குப் பயமே இல்லீங்க மாஸ்டர். மூணு மாசமா ஒக்காந்து அதையேதான் நெனச்சுப் பாத்தனுங்க. டிக்குன்னு கேட்ட பொறகுதான் விட்டேன். கை மீறிப் போனா டிக்கு கேக்காதுங்களே."

நான் அம்பிலிருந்து கையை எடுத்தேன்.

"நோயி எனக்கு இல்லீங்க," என்றாள். விசிலை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "சனிக்கிழமை கேம்ப்புக்குப் போறனுங்க."

அவ்வளவுதான். போலீஸில் போய்ச் சொல்லுவேன் என்றோ, உங்களைச் சும்மா விடமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இந்த நடுக்கம் இருந்திருக்காது. போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறு அம்பையும் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

நேற்று முழுக்க யோசித்தேன். அதன் பிறகுதான் இன்றைக்கு வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்துவரவில்லை. ஊரெல்லாம் கொலைகாரி என்று பார்க்கிற பெண் மனசில் ஒரு பாரத்தோடு அத்தனை தூரம் போய் வில்லைத் தூக்கக் கூடாது. அவளுக்காகத்தான் வந்தேன். எல்லாம் அவளுக்காகச் செய்ததுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். விசில் ஊதியது நான். டார்கெட் முன்னால் கருணாகரன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். அவள் எய்வாள் என்று தெரிந்துதான் ஊதினேன். பிறகு அவள் மேல் பழியைப் போட்டதும் நான்தான். விசில் இதோ இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம், கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கேஸில் முக்கியமான சாட்சி அவள்தானே? நாளைக்குச் சனிக்கிழமை. கோர்ட்டில் அவள் சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் போய்ச் சொல்லிவிடுவீர்கள் அல்லவா?