காற்றுப் புகாத டப்பா

காப்பிக்கொட்டையை ஃப்ரிட்ஜில் வைப்பவர்களை நான் திட்டுவதில்லை. அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள் இன்ஸ்பெக்டர், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முறை ரொம்ப எளிது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்க வேண்டும், அதுவும் கொட்டையாக. குடிக்கும்போதுதான் அரைக்க வேண்டும். கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும். வெளிச்சம் ஆகாது, ஈரம் ஆகாது. எல்லாவற்றையும்விட ஆகாதது வாசனை. பக்கத்தில் எது இருந்தாலும் காப்பி அதை இழுத்துக்கொள்ளும். கடைக்காரரிடமே இதை விளக்கியிருக்கிறேன். "சார், நீங்க வாங்குறது கால் கிலோ காப்பி, வைரம் இல்ல" என்றார். விற்கிறவருக்கே அருமை தெரியவில்லை.

என் மனைவிக்கு இளைப்பு நோய். சமையலறையை ஒட்டிய அறையில் படுத்திருந்தாள். மூச்சு முட்டினால் இன்ஹேலரை இழுப்பாள். அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொள்வாள் பாருங்கள், அதுதான். ஒரு நாள் காலையில் முதல் வாய் குடித்தேன். தைலம். துப்பவில்லை, அவள் மனம் நோகுமே. மறுநாள் அவள் கட்டிலை மாடிக்கு மாற்றினேன். மாடியில் நல்ல காற்று; அவளுக்காகத்தான் செய்தேன். படி இறங்க அவளால் முடியாது. ஆனால் எதற்கு இறங்க வேண்டும்? வேண்டியதையெல்லாம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேனே.

அவள் சண்டை போடவில்லை. கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். பாதியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க அந்த டப்பாவையே கட்டிக்கிட்டிருக்கலாம். அதுக்கு இருமல் வராது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பார்க்க வந்த அவள் தம்பிதான் சிரிக்கவில்லை. "ஏன் அத்தான், அக்கா மாடியில, காப்பி கீழயா?" என்று கேட்டான். பொடியாகவே பாக்கெட்டில் வாங்குகிறவன். அவனிடம் என்ன பேசுவது?

அன்று காலை இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. "இழுத்தா வெறும் காத்துதான் வருது. சீக்கிரம் வாங்கிட்டு வந்துடுங்க, என்னமோ பண்ணுது" என்றாள். உடனே கிளம்பினேன், இதை எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் புது இன்ஹேலரையும் ஒரு புட்டி தைலத்தையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்கள். போகிற வழிதானே என்று காப்பிக் கடையிலும் நின்றேன். அப்போதுதான் வறுத்து இறக்கியிருந்தார்கள். ஆறட்டும் என்று காத்திருந்தேன். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். காப்பியைக் கொட்டி மூடும்வரை அந்தத் தைலப் பை சமையலறைப் பக்கமே வரக் கூடாது. அதை ஸ்கூட்டர் பெட்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். கொட்டையை டப்பாவில் நிரப்பினேன். புதுக் கொட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு பிடி அரைத்தேன்.

"என்னங்க" என்றாள் மேலேயிருந்து. பிறகு மறுபடியும், குரலே இல்லாமல். பிறகு கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம்.

அரைக்கிற மிஷின் சத்தத்தில் காதில் எதுவும் விழவில்லை என்று அவள் தம்பியிடம் சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். பாவம், டாக்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் அழுதேன், அது நடிப்பு இல்லை. அவளைப்போல ஒருத்தி எனக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை. இப்போதெல்லாம் மாடிப்படி பக்கம் போனாலே எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் கூப்பிட்டபோது மிஷின் நின்றிருந்தது. எல்லாமே கேட்டது. தட்டுவது நின்றதும் கேட்டது. ஆனால் அரைத்தாகிவிட்டது, தண்ணீரும் சரியான சூட்டில் இருந்தது. அரைத்த பொடி காத்திருக்காது இன்ஸ்பெக்டர். அவள் அப்படியில்லை, கல்யாணமான நாளிலிருந்து எனக்காகக் காத்திருந்து பழகியவள்.